1921: எந்தப் பெண்ணுக்கு ஓட்டு?

பிரிட்டிஷ் இந்தியாவில் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்த முதல் மாகாணம் சென்னை மாகாணம். நாள்: 1921 ஏப்ரல் 1. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இது ஒரு மதிப்பெண் கேள்வி. மேடையில் பேசுகிறவர்களுக்குக் கைதட்டல் வாங்கித் தருகிற வரி. 2021-ல் நூறாண்டு நிறைந்தது. தகவலில் பொய் ஏதும் இல்லை. (திருவிதாங்கூர் ஓராண்டு முந்திக்கொண்டது; ஆனால் அது சமஸ்தானம்.)

ஞாயிற்றுக்கிழமைகளையும் மிச்சமிருந்த தற்செயல் விடுப்புகளையும் செலவழித்து, ஓராண்டாக இந்த ஒற்றை வரியின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறேன். கவிதை எழுதுறவன், பேங்க்ல குமாஸ்தா, உனக்கெதுக்குய்யா பழைய ஓட்டர் லிஸ்ட்டு என்று தோழர்கள் கேலி பேசினார்கள். நான் தேடியது ஒரு கேள்விக்கான பதிலைத்தான். 1921-ல் ஓட்டு வாங்கிய அந்த ‘பெண்’ யார்? எங்க ஆயாவைப் பெத்த அம்மா அந்தப் பெண்ணில் சேர்த்தியா?

சேர்த்தி இல்லை. ஆனால் எந்தச் சட்டத்திலும், எந்த விதியிலும், சேரிப் பெண்ணுக்கு ஓட்டு கிடையாது என்று ஒரு வரிகூட எழுதப்படவில்லை. எழுதாமலே எப்படி வெளியே நிறுத்தினார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்படுகிறது. மார்கரெட் கசின்ஸ், அன்னி பெசன்ட், டாரதி ஜினராஜதாசா ஆகியோர் முன்கை எடுத்தார்கள். அந்த டிசம்பரிலேயே சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு தூதுக்குழு, சென்னைக்கு வந்த இந்தியா மந்திரி மாண்டேகுவைச் சந்தித்து, ஆணுக்குக் கொடுக்கிற ஓட்டைப் பெண்ணுக்கும் கொடு என்று கேட்கிறது. அடுத்து வந்தது சவுத்பரோ கமிட்டி. யாருக்கு ஓட்டு என்று தீர்மானிக்க 1918-19-ல் நாடு சுற்றிய இந்தக் கமிட்டி பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்று கைவிரித்துவிட்டது. காரணம்? இந்நாட்டுச் சமூகப் பழக்கங்கள் அதற்கு இடங்கொடுக்கவில்லை, இன்னும் காலம் வரவில்லை என்றது. பெண்கள் கோஷாவில் இருக்கிறார்கள், வாசல் தாண்டி ஓட்டுச்சாவடிக்கு எப்படி வருவார்கள் என்பது அன்று பல வாய்களில் உலவிய பேச்சு.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் டீ குடித்தேன். வாசல் தாண்டாத பெண்களாம்! அதே ஆண்டு அதே மாகாணத்தில் விடிவதற்கு முன் நாற்றங்காலில் இறங்கிய பெண்கள் யார்? களத்துமேட்டில் நெல் தூற்றியவர்கள் யார்? பட்டணத்துத் தெருவைப் பெருக்கியவர்கள், மலம் சுமந்தவர்கள், கப்பலேறித் தோட்டக்காடுகளுக்குப் போனவர்கள் யார்? இந்தியப் பெண் என்று கமிட்டி எழுதியபோது அதன் கண்ணில் இருந்தவள் அக்கிரகாரத்திலும் ஜமீன் மாளிகையிலும் உள்கட்டில் இருந்தவள். தெருவில் நின்ற பெண்ணை அதன் கணக்கு ‘பெண்’ என்று எடுத்துக்கொள்ளவே இல்லை. பெண்ணுரிமை கேட்டுப் போனவர்களும் அந்தக் கணக்கைத் திருத்தவில்லை. எங்கள் பெண்கள் படித்தவர்கள், பண்பட்டவர்கள், ஓட்டுச்சாவடிக்கு வரத் தகுதியானவர்கள் என்று வாதாடினார்கள். கூலிக்காரப் பெண்கள் ஏற்கனவே வெளியேதான் நிற்கிறார்கள் என்பது அவர்களுடைய வாதத்துக்குப் பயன்படுகிற உண்மையாகக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

1919 சட்டம் பிரச்சினையை மாகாணங்களின் தலையில் கட்டியது. அந்தந்தச் சட்டசபை விரும்பினால், பெண் என்பதால் ஓட்டில்லை என்ற விலக்கை ஒரு தீர்மானம் போட்டு நீக்கிக்கொள்ளலாம். 1920 தேர்தலில் நீதிக்கட்சி ஜெயித்திருந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 1-ல் சென்னை மேலவை அந்த விலக்கை நீக்கியது. பம்பாயும் அதே ஆண்டு. வங்காளம் 1921-ல் தோற்கடித்துவிட்டு 1925-ல்தான் ஒப்புக்கொண்டது. பஞ்சாப் 1926, பீகார்-ஒரிசா 1929. பத்ரலோக வங்காளம் நான்கு ஆண்டு தயங்கிய இடத்தில் சென்னையின் பார்ப்பனரல்லாத கட்சி முதல் ஆண்டிலேயே செய்து முடித்தது. இந்தப் பெருமையை யாரிடமிருந்தும் பறிக்க எனக்கு ஆசையில்லை. பிறந்த உடம்பை வைத்து ஒருத்தரைத் தள்ளி வைக்கக் கூடாது என்பதை ஒரு சட்டசபை ஒப்புக்கொண்டது சின்ன விஷயமில்லை. நமக்குத் தெரியாததா அந்தத் தள்ளிவைப்பு?

ஆனால் அவர்கள் நீக்கியது ஒரு பூட்டைத்தான். பெரிய பூட்டு அப்படியே தொங்கியது.

அன்றைய ஓட்டு ஆளுக்கு இல்லை, சொத்துக்கு. நிலத்துக்கு வரி கட்டுகிறவர், வீட்டுக்கு வரி கட்டுகிறவர், வருமான வரி கட்டுகிறவர், பட்டாளத்திலிருந்து விலகியவர், இப்படி ஒரு பட்டியல். 1920-ல் சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை நாலு கோடிக்கு மேல். ஓட்டர்கள் சுமார் 12 லட்சத்து 48 ஆயிரம் பேர். நூற்றுக்கு மூன்று பேர். அத்தனை பேரும் ஆண்கள். 1921-க்குப் பிறகு, இந்தத் தகுதி தன் பெயரிலேயே உள்ள பெண்ணும் உள்ளே வரலாம் என்று ஆயிற்று. புருசன் பெயரில் பட்டா இருந்தால் போதாது. ஆகவே பெரிய வீட்டு மருமகள்களிலும் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. சைமன் கமிஷன் கணக்கெடுத்தபோது சென்னை மாகாணத்தில் வயது வந்த பெண்களில் ஓட்டு இருந்தது நூற்றுக்கு ஒருவர் அளவுக்குத்தான். மற்ற மாகாணங்களில் அதுவும் இல்லை, அதனால் நாம்தான் முதலிடம்!

நூற்றில் அந்த ஒருத்தி கையில் பட்டா இருந்தது. நம் சனத்திடம் பட்டா ஏது? 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் படித்தவர்களுக்குத் தெரியும், மனை நிலம்கூட மிராசுதாரிடம் மாட்டியிருந்தது. அதன் பிறகு பஞ்சமருக்கென்று ஒதுக்கிய நிலம் என்ன ஆயிற்று என்பதற்கு 1994-ல் காரணையில் ரத்தம் சிந்திக் கேட்ட கேள்வி இன்னும் நிற்கிறது. பஞ்சமி நிலப் போராட்டத்தைச் சோற்றுக்கான போராட்டமாகவே பேசிப் பழகிவிட்டோம். 1919-லிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலம் என்பது ஓட்டாகவும் இருந்தது. நிலத்தைப் பிடுங்கியவன் ஓட்டையும் சேர்த்துத்தான் பிடுங்கினான்.

1920-ல் அமைந்த அந்த மேலவையில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பறையர், பள்ளர், வள்ளுவர், மாலா, மாதிகா, சக்கிலியர், தொட்டியர், செருமர், ஒலெயர் இத்தனை பேருக்கும் சேர்த்து அஞ்சே அஞ்சு இடம், அதுவும் நியமனம். கவர்னர் கை நீட்டுகிறவர் போய் உட்காரலாம். எம்.சி.ராஜா அப்படித்தான் போனார், பின்னால் இரட்டைமலை சீனிவாசனும். பெண்ணுக்கு ஓட்டு என்று சபை கைதூக்கிய அதே 1921-ல், மூன்று மாதம் கழித்து, பின்னி ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்புச் சேரி எரிந்தது. இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின்படி பொதுத்தெரு, பொதுக்கிணறு, பொதுச்சாவடியில் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று அதே சபை ஒப்புக்கொண்டது 1924-ல். வரிசையைக் கவனியுங்கள். பெண்ணுக்கு ஓட்டு 1921. நமக்குத் தெருவில் நடக்கிற உரிமை, அதுவும் காகிதத்தில், 1924. எங்க பாட்டிக்கு ஒருவேளை பட்டா இருந்து, ஓட்டும் இருந்திருந்தால், எந்தத் தெரு வழியாகச் சாவடிக்குப் போயிருப்பாள்?

தேடலில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் ஆவணக் கட்டுகளின் தலைப்பிலேயே இருந்தது. பெண்களைப் பற்றித் தேடினால் ஒரு கட்டு. தாழ்த்தப்பட்ட வகுப்பார் என்று தேடினால் வேறொரு கட்டு. முதல் கட்டில் சாதி பேசப்படுவதில்லை. கசின்ஸ், முத்துலட்சுமி ரெட்டி, 1926-ல் மங்களூர்ப் பக்கம் நின்று கொஞ்ச ஓட்டில் தோற்ற கமலாதேவி, மாதர் சங்கத்தின் ‘ஸ்திரீ தர்மம்’ பத்திரிகை, இவர்கள் வருகிறார்கள். ரெண்டாவது கட்டில் பெண் இல்லை. ராஜா, சீனிவாசன், சிவராஜ் வருகிறார்கள். நம் பெண் ரெண்டு கட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் விழுந்து கிடக்கிறாள்.

1930 நவம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு. இந்தியப் பெண்களின் பிரதிநிதிகளாக இரண்டு பேர் போகிறார்கள், பேகம் ஷா நவாஸ், ராதாபாய் சுப்பராயன். தீண்டப்படாதோரின் பிரதிநிதிகளாக இரண்டு பேர், பாபாசாகேப் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன். ராதாபாய் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்து மருமகள். நாலு பேரும் ஒரே மாநாட்டில் இருக்கிறார்கள். பெண்ணுக்காகப் பேசுகிறார்கள், தீண்டப்படாதவருக்காகப் பேசுகிறார்கள். தீண்டப்படாத பெண்ணுக்கு அங்கே நாற்காலி இல்லை. 1932-ல் ஓட்டுரிமையை விரிவாக்குவது பற்றி ஆராய லோதியன் கமிட்டி வந்தது. அதிலும் அம்பேத்கர் இருந்தார், ராதாபாய் இருந்தார்.

அப்போது மாதர் அமைப்புகள் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்றே கேட்டன, தனி இடஒதுக்கீடு வேண்டாம் என்றன. 1928-ல் நேரு அறிக்கையும் வயது வந்தோர் ஓட்டுரிமையைச் சொன்னது. ஆகவே இந்தக் கோரிக்கையை அம்பேத்கர் மட்டும்தான் சொன்னார் என்று எழுதினால் நாமும் புராணம் எழுதுகிறவர்களாகிவிடுவோம். ஆனால் வேறுபாடு உண்டு. 1919-ல் சவுத்பரோ கமிட்டி முன் சாட்சி சொன்ன இளைஞர் அம்பேத்கர், தீண்டப்படாதவனுக்குச் சொத்தே வராதபடி ஆக்கி வைத்துவிட்டு, சொத்து இருந்தால் ஓட்டு என்பது என்ன நியாயம் என்ற இடத்திலிருந்து தொடங்கினார். 1928-29-ல் சைமன் கமிஷன் காலத்தில் ஆண், பெண் இரு பாலருக்கும் வயது வந்தோர் ஓட்டுரிமை என்று எழுதிக் கொடுத்தார். ஓட்டைத் தகுதிக்குக் கிடைக்கிற பரிசாக அவர் பார்க்கவில்லை. ஓட்டு இருந்தால்தான் மற்ற தகுதிகளை அடைய முடியும் என்று பார்த்தார். அந்தச் சைமன் கமிஷனை ஆதரித்து 1928-ல் சென்னையில் மேடையேறிப் பேசினார் மீனாம்பாள் சிவராஜ். ரங்கூனில் பிறந்த அந்த அம்மாவுக்கு அப்போது இருபதுகளில்தான் வயசு. ஊரே கறுப்புக்கொடி பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தலித் பெண் எதிர்ப்பக்கம் நின்று பேசினாள் என்றால் அவளுக்குக் காரணம் இருந்திருக்க வேண்டும். தேசத்துரோகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போகிறவர்கள் இந்த நூற்றுக்கு ஒருவர் கணக்கையும் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

1935 சட்டத்தில் என்ன வந்தது? பெண்களுக்குக் கதவு கொஞ்சம் அகலமாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் ஓட்டு. சொத்துத் தகுதியுள்ளவனின் மனைவியாக இருந்தாலும் ஓட்டு. நாடு முழுதும் சுமார் 60 லட்சம் பெண்கள் பட்டியலில் ஏறினார்கள். பள்ளிக்கூடத் திண்ணையில் ஏற விடாதவர்களுக்கு எழுத்துத் தகுதி. நிலமில்லாதவனைக் கட்டிக்கொண்டவளுக்கு மனைவித் தகுதி. எதிலே பொருந்துவாள் நம் பெண்?

இட ஒதுக்கீட்டிலும் அதே இடைவெளி. சென்னைச் சட்டமன்றத்தில் மொத்தம் 215 இடம். பூனா ஒப்பந்தத்தின்படி நமக்கு 30. பெண்களுக்கு 8, அதில் பொது 6, முஸ்லிம் 1, இந்தியக் கிறிஸ்தவர் 1. முஸ்லிம் பெண்ணுக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டுமென்று தெரிந்தவர்களுக்கு, கிறிஸ்தவப் பெண்ணுக்கு ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு, தலித் பெண் என்று ஒருத்தி இருப்பது ஞாபகத்துக்கு வரவில்லை. ஞாபகப்படுத்த வேண்டிய நம் தலைவர்களும் இதைப் பெரிதாகக் கிளப்பவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தனித்தொகுதி, கூட்டுத்தொகுதி என்று உயிரைக் கொடுத்து வாதாடினோம். அந்த முப்பதில் எத்தனை பெண் என்று கேட்க வாய் வரவில்லை. இன்றைக்கும் நம் பத்திரிகைகளின் அட்டையை வரிசையாக வைத்துப் பாருங்கள், மீசைதான் தெரியும். நம் பெண்கள் பேசாமல் இருந்தார்களா? 1942 ஜூலையில் நாகபுரியில் சுலோசனாபாய் டோங்ரே தலைமையில் ஆயிரக்கணக்கான பெண்கள் கூடினார்கள். அரசியல் நிர்ணய சபைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து போன தாட்சாயணி வேலாயுதன், அந்தச் சபை முழுவதிலும் ஒரே தலித் பெண். தனித்தொகுதி விஷயத்தில் அவர் அம்பேத்கரோடு முரண்பட்டார். அதற்காக அவரை மறக்க வேண்டுமா?

எங்கள் ஆயாவுக்கு ஓட்டு கிடைத்தது 1921-ல் இல்லை, 1935-லும் இல்லை. அரசியல் சட்டம் 326-ஆம் பிரிவில் வயது வந்தவர் எல்லோருக்கும் ஓட்டு என்று எழுதிய பிறகு, 1952 முதல் பொதுத் தேர்தலில் கிடைத்தது. செத்துப் போவதற்கு ரெண்டு வருசம் முன்னால் அதைப் பற்றிக் கேட்டேன். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. சீட்டைக் கொண்டுபோய்ப் பிடித்த பெட்டியில் போட வேண்டும்.

“ஊர்க்காரவங்க எல்லாம் போட்டு முடிக்கிற மட்டும் எங்கள புளியமரத்தாண்ட குந்த வெச்சிட்டாங்க. பொழுது சாயுற நேரத்துக்குத்தான் கூப்ட்டாங்க. எந்தப் பொட்டின்னு பண்ணையாரு ஆளு காலையிலயே சொல்லிட்டுப் போயிட்டான்.”

“அதுலதான் போட்டியா?”

“உள்ள யாரும் இல்லியே. நானும் பொட்டிங்களும்தான். எதுல போட்டேன்னு உங்க தாத்தாவுக்கே சொல்லல. ஒனக்கு மட்டும் சொல்லுவனா?”

சொல்லவே இல்லை. எத்தனையோ முறை கேட்டும் சிரித்துக்கொண்டே மழுப்பிவிட்டது கிழவி.

அந்த முதல் பட்டியல் தயாரித்தபோது நடந்த இன்னொன்று. சுமார் எட்டுக் கோடிப் பெண் ஓட்டர்களில் ஏறத்தாழ 28 லட்சம் பேர் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே எழுத வைத்தார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென், பெயர் இல்லாமல் ஓட்டு இல்லை என்று அத்தனை பேரையும் நீக்கினார். பெரும்பகுதி பீகார், உத்தரப்பிரதேசம், மத்தியபாரதம், ராஜஸ்தான், விந்தியப்பிரதேசம். நம் பக்கம் இந்தச் சிக்கல் அவ்வளவு இல்லை. ஆனால் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இது பழைய கதையாகப் படவில்லை. முதியோர் உதவித்தொகை எடுக்க வருகிற அம்மாக்களிடம் பெயர் என்ன என்று கேட்டால் பலர் மகன் பெயரைச் சொல்கிறார்கள். பாஸ்புக்கில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஓட்டர் அட்டையில் இன்னொரு பெயர். எழுதினவன் காதில் விழுந்ததுதான் பெயர். மூன்றும் பொருந்தவில்லை என்றால் பணம் இல்லை. பெயரைத் திருத்தி எடுத்து வா என்று அனுப்ப வேண்டியவன் நான்தான்.

இத்தனை தூரம் வந்த பிறகு, ஓட்டுப் போடுகிற உரிமையோடு ஓட்டு வாங்குகிற உரிமை இருக்கிறது. 1996-ல் உள்ளாட்சித் தேர்தல் வந்ததும் பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் பத்து ஆண்டு யாரையும் தலைவராக விடவில்லை. 1997-ல் மேலவளவு. 2016-ல் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் திருத்தினார்கள். 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்தது. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மகளிர் ஒதுக்கீட்டில் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு உள் இடம் எழுத்தில் இருக்கிறது. 1935-ல் விட்டுப் போன அந்த வரி எண்பத்தெட்டு ஆண்டு கழித்து எழுதப்பட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் அமல் என்று அதே சட்டத்தில் இன்னொரு வரியும் சேர்த்தே எழுதப்பட்டது.

அடுத்த இதழிலிருந்து இதற்கென்று சில பக்கங்களை ஒதுக்குகிறோம். மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். 1952-ல் ஓட்டுப் போட்ட பாட்டிமார்களில் இப்போது மிச்சமிருப்பவர்களுக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருக்கும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது தேடிப் பிடியுங்கள். முதல் ஓட்டு எந்தத் தேர்தலில், எந்தத் தெரு வழியாகப் போனார்கள், எங்கே காத்திருக்க வைத்தார்கள், யார் பயமுறுத்தினார்கள், அன்றைக்குக் கூலி கிடைத்ததா, இதையெல்லாம் கேளுங்கள். ஓட்டுப் போடவே விடாத கதை இருந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள். அவர்கள் பேசுகிற மாதிரியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். எந்தப் பெட்டியில் போட்டார்கள் என்று வற்புறுத்திக் கேட்காதீர்கள். பக்கத்தின் மேலே, இன்னார் மனைவி என்று போடாமல், அவரே சொன்ன பெயரைக் கேட்டு முழுதாக எழுதுங்கள்.